பெயர் அழிந்த ரோமக் காசு

ஆன்லைன் ஏலத்தில் சல்லிசாகக் கிடைக்கும் பழம்பொருள்களில் ரோமப் பேரரசின் செப்புக் காசுக்குத்தான் முதலிடம். பத்தும் இருபதுமாகக் குவியல் போட்டு விற்கிறார்கள். விளம்பரத்தில் ஜூலியஸ் சீசர், நீரோ, பைபிள் காலம் என்று பெரிய பெயர்கள் வரிசை கட்டி நிற்கும். படத்தில் மூக்கும் முழியுமாகத் தெரிந்த பேரரசர், தபாலில் வந்து சேரும்போது வெறும் நிழலாகிவிடுகிறார். படம் எடுப்பதற்குமுன் காசைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ நனைத்துக்கொள்வது விற்பவர்களின் பழைய உத்தி. காய்ந்ததும் அந்தப் பளபளப்பு போய்விடும். இதன்பின் வாங்கியவர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். விற்றவர் சொன்ன பெயரையே சீட்டில் எழுதி ஒட்டிவைக்கிறார். அல்லது இது தேறாது என்று டப்பாவில் போட்டு மூடிவிடுகிறார். இரண்டுமே அவசர முடிவுகள். தேய்ந்த ரோமக் காசு பெயரை இழந்திருக்கலாம். தன் காலத்தை முழுவதும் இழந்த காசு அபூர்வம். அந்தக் காலத்தைக் கண்டுபிடிக்கும் வழி ஊகம் இல்லை, கழித்தல். எவை எல்லாம் இதுவாக இருக்க முடியாது என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வர வேண்டும். அதற்குமேல் தள்ள எதுவும் இல்லாத இடம் வந்ததும் நின்றுவிட வேண்டும். அந்த நிற்கும் இடம்தான் பலருக்குப் பிடிபடுவதில்லை.

முதலில் இந்தக் குவியல்களில் பொதுவாக என்ன இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். மண் போகாமல் குவியலாக விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பகுதி கி.பி. 3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 4ஆம் நூற்றாண்டையும் சேர்ந்தவை. பால்கன் பகுதி நிலங்களில் உலோகங்காட்டிக் கருவியைக் கொண்டு தோண்டியெடுத்தவை நிறைய. அந்த ஒன்றரை நூற்றாண்டுக் காசு மட்டும் இவ்வளவு மிஞ்சியதற்குக் காரணம் உண்டு. பேரரசு முழுவதும் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட அக்கசாலைகள் ஓயாமல் சில்லறை அடித்துத் தள்ளின. அரசு அடிக்கடி நாணயத் திட்டத்தை மாற்றியதால், நேற்றைய காசு இன்று செல்லாக்காசானது. செல்லாக்காசு கீழே விழுந்தால் குனிந்து தேட ஆள் இல்லை. 2010இல் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் ஃப்ரோம் என்ற ஊருக்கு அருகே வயலில் ஒரே பானையில் 52,503 காசுகள் கிடைத்தன. எல்லாம் 3ஆம் நூற்றாண்டுச் சரக்கு. அந்தக் காலத்தில் சில்லறை எந்த அளவுக்குப் புழங்கியது என்பதற்கு இந்த ஒரு பானை போதும். ஆகவே முகம் தெரியாத காசைக் கையில் எடுத்ததும் ஜூலியஸ் சீசரை நினைப்பது, சென்னைக் கடற்கரையில் கண்ட தலையெல்லாம் முதலமைச்சராக இருக்கும் என்று நினைப்பதற்குச் சமம். சீசரா, 4ஆம் நூற்றாண்டில் ஆண்ட பேரரசர் கான்ஸ்டன்டைனின் குடும்பமா என்றால், வேறு சான்று வரும்வரை கான்ஸ்டன்டைன் குடும்பத்தின் பக்கம் சாய்வதே நியாயம்.

அடுத்த வேலை கண்ணுக்கு இல்லை, தராசுக்கு. நகைக்கடையில் வைத்திருப்பதைப் போன்ற, கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சின்னத் தராசும் ஒரு வெர்னியர் அளவியும் இருந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. முதல் இரண்டு நூற்றாண்டுகளின் பெரிய பித்தளைக் காசான செஸ்டெர்ஷியஸ் 25 கிராம் அளவுக்குக் கனக்கும். அதே காலத்துச் செப்புக் காசான ஆஸ் சுமார் 10, 11 கிராம். 294 வாக்கில் பேரரசர் டயோக்ளீஷியன் நாணயத்தைச் சீர்திருத்தி, மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சு கொடுத்த ஒரு வெண்கலக் காசைக் கொண்டுவந்தார். அதன் எடை சுமார் 10 கிராம். அதன்பின் அந்தக் காசு இளைத்துக்கொண்டே போனது. 330இல் ஏறத்தாழ இரண்டரை கிராம். 335க்குப் பிறகு 1.7 கிராம் அளவு. 348இல் மறுபடி பெரிய காசு அடித்தார்கள். நாலைந்து ஆண்டுகளில் அதுவும் பாதியானது. நூற்றாண்டின் கடைசியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு, 13 மில்லிமீட்டரில், ஒரு கிராம் காசு. விலைவாசி ஏறியதும் அரசு காசைச் சுரண்டியதுமாகச் சேர்ந்து நமக்கு ஒரு நாட்காட்டியை எழுதிவைத்திருக்கின்றன. எழுத்து முழுவதும் போனாலும் 14 மில்லிமீட்டர் விட்டமுள்ள காசு டயோக்ளீஷியனின் பெரிய வெண்கலக் காசு ஆகாது என்று துணிந்து சொல்லலாம். கழித்தலில் முதல் பெரிய வெட்டு இங்கேதான் விழுகிறது. இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடலாம்: டயோக்ளீஷியன் காலத்து வெள்ளிப் பூச்சு அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தால் விற்பவர் அதை ‘வெள்ளிக் காசு’ என்றே விலை சொல்வார். அது வெண்கலம்தான்.

தேய்ந்த காசின் எடையை எப்படி நம்புவது, தேய்மானத்திலேயே எடை குறைந்திருக்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதைவிடக் கடினமான கேள்வியும் ஒன்று உண்டு. செப்புக் காசுகளை ரோமர்கள் ஒவ்வொன்றாக நிறுத்து அடிக்கவில்லை. ஒரு பவுண்டு உலோகத்தில் இத்தனை காசு என்று கணக்குவைத்து அடித்தார்கள். ஆகவே ஒரே நாளில் ஒரே பட்டறையில் பிறந்த இரண்டு காசுகளுக்குள்ளேயே கணிசமான வித்தியாசம் இருக்கும். ஆனால் தேய்மானம் ஒரு திசையில்தான் போகும். காசு இளைக்கும், கனக்காது. (மண்ணும் களிம்பும் அப்பியிருந்தால் மட்டும் எடை கூடக் காட்டும்.) சுத்தமான காசு 6 கிராம் நிற்கிறது என்றால், ஒன்றே முக்கால் கிராம் அளவில் அடித்த வகையாக அது இருக்க வழியில்லை. 1.5 கிராம் காசைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேச முடியாது, அது 1.7 கிராமிலிருந்தும் தேய்ந்திருக்கலாம், 2.5 கிராமிலிருந்தும் தேய்ந்திருக்கலாம். அந்த இடத்தில் விட்டம் கைகொடுக்கும். புழக்கத்தில் காசின் கனம் குறையும் அளவுக்கு அகலம் குறைவதில்லை. தராசு எப்போதும் ஒரு வரம்பைத்தான் கொடுக்கும். கழிப்பதற்கு வரம்பே போதும்.

இப்போது தலையைப் பார்க்கலாம். பூவா தலையா என்று சுண்டும்போது நாம் தலை என்று சொல்லும் அந்தப் பக்கத்தில் கன்னம், காது, முடிச்சுருள் எல்லாம் மேடாக இருப்பதால் அவைதான் முதலில் மழுங்கும். மிஞ்சுவது பக்கவாட்டு உருவக்கோடும் தலையில் என்ன அணிந்திருக்கிறார் என்பதும். தலையைச் சுற்றி முள்முள்ளாகக் கதிர்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அது கதிர்முடி. காசு சின்னதாகவும் இருந்தால் பெரும்பாலும் 3ஆம் நூற்றாண்டு. வாகை மாலையானால் காலம் எதுவாகவும் இருக்கலாம். நெற்றியைச் சுற்றி முத்து கோத்தது போன்ற பட்டம் இருந்தால் நிலைமை வேறு. அதைத் தலையில் கட்டும் வழக்கத்தை ரோமக் காசில் நிலைநிறுத்தியவர் கான்ஸ்டன்டைன். ஏறத்தாழ 324க்குப் பிறகுதான் அது காசில் வருகிறது. ஒரு முத்துவரிசை கண்ணில் பட்டால் அதற்கு முந்தைய மூன்று நூற்றாண்டுகளை ஒரே வெட்டில் தள்ளிவிடலாம். தாடிக்கும் இந்த அதிகாரம் உண்டு. ஹேட்ரியனுக்கு (117–138) முன்னால் இருந்த பேரரசர்கள் பெரும்பாலும் மழித்த முகத்தினர்; அவருக்குப் பின் கான்ஸ்டன்டைன் வரை பெரும்பாலும் தாடி; கான்ஸ்டன்டைன் குடும்பத்தில் மறுபடி மழித்த முகம். அந்தக் குடும்பத்தின் கடைசிப் பேரரசரான ஜூலியன் (361–363) மட்டும் தத்துவவாதியின் தாடியோடு தனித்து நிற்பார். முகவாய்க்குக் கீழே ஒரு கூர்மை துருத்திக்கொண்டிருப்பது போதும், பட்டியலில் பாதிப் பேர் போய்விடுவார்கள்.

4ஆம் நூற்றாண்டுக் காசில் தலையைவிடப் பூப்பக்கம் அதிகம் பேசும். அந்தக் காலத்தில் பேரரசர்களின் முகங்கள் ஒரே அச்சுப் பொம்மை மாதிரி ஆகிவிட்டன. பின்பக்கச் சித்திரங்கள் மட்டும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறின. ஒரு காசை எடுத்துக்கொள்வோம். விட்டம் 17 மில்லிமீட்டர், எடை 2.1 கிராம். தலைப் பக்கத்தில் யாரோ ஒருவர் வலப்பக்கம் பார்க்கிறார். பின்பக்கத்தில் குச்சிக் குச்சியாக இரண்டு உருவங்கள். பலர் இதைப் பார்த்ததும் தேவதைகள் என்று நினைத்துவிடுவார்கள். மேசை விளக்கைத் தாழ்த்தி, ஒளி காசின் மேல் சாய்வாக விழும்படி வைத்துக் காசை மெல்லச் சுழற்றினால், இருவரும் எதிரெதிரே நிற்கும் படைவீரர்கள் என்று புரியும். வெளிப்பக்கக் கையில் ஆளுக்கொரு ஈட்டி. இனி எண்ண வேண்டியது இருவருக்கும் நடுவே நிற்கும் படைக்கொடிக் கம்பங்களை. இரண்டு கம்பம் என்றால் 330 முதல் 335 வரை. ஒரு கம்பம் என்றால் 335 முதல் சுமார் 340 வரை. இது ‘குளோரியா எக்ஸெர்சிடஸ்’ வகை. படையின் பெருமையைப் பாடும் காசு. 335இல் எடையைக் குறைத்தபோது, புதிய காசைப் பழையதிலிருந்து பிரித்துக் காட்ட ஒரு கம்பத்தைக் குறைத்துவிட்டார்கள். நம் காசில் இரண்டு கம்பங்கள் தெரிகின்றன. எடையும் விட்டமும் அதற்கு ஒத்துப்போகின்றன. ஓர் எழுத்துகூடப் படிக்காமல் ஐந்து ஆண்டு இடைவெளிக்குள் வந்துவிட்டோம். ஆண்டு குறிக்காத பழங்கல்வெட்டுக்கு இத்தனை துல்லியமான காலம் கிடைத்தால் ஆய்வாளர்கள் கொண்டாடுவார்கள்.

இனி பெயர். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். 330களில் கான்ஸ்டன்டைனுக்கு இருந்த மூன்று மகன்களின் பெயர்கள் கான்ஸ்டன்டைன், கான்ஸ்டான்ஷியஸ், கான்ஸ்டன்ஸ். பிற்கால நாணயவியலாளர்களை வதைப்பதற்கென்றே வைத்தது போல இருக்கிறது. லத்தீன் எழுத்தில் இந்தப் பெயர்களின் முதல் ஏழு எழுத்துகள் ஒன்றே. அப்பாவுக்கும் இந்த மூவரில் மூத்தவருக்கும் பெயர் முழுவதுமே ஒன்று. இரண்டாமவரின் பெயரில் ஒன்பது எழுத்துகள் வரை வித்தியாசம் இல்லை. அதற்குப் பிறகு ‘என்’ வருகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. அந்த ஓர் எழுத்து விளிம்புக்கு வெளியே போயிருந்தால் தீர்ந்தது கதை. ஏழு எழுத்துகள் பளிச்சென்று தெரிகிற மகிழ்ச்சியில் ‘மாமன்னர் கான்ஸ்டன்டைன்’ என்று எழுதி விற்கும் விளம்பரங்கள் ஏராளம். இந்த இடத்திலும் கழித்தல் கொஞ்சம் உதவும். 330 முதல் 335 வரை பேரரசர் பட்டம் அப்பாவுக்கு மட்டும்தான். மகன்கள் சீசர்கள், அதாவது இளவரசர்கள். ஆகவே இரண்டு கம்பக் காசில் முத்துப்பட்டம் கட்டிய தலை பெரும்பாலும் அப்பா. வாகை மாலைத் தலை பெரும்பாலும் ஒரு மகன். சில விதிவிலக்குகள் இருப்பதால் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லைச் சீட்டிலும் எழுத வேண்டும். கடைசி மகன் கான்ஸ்டன்ஸ் சீசரானதே 333இல் என்பதால் அவருக்கான வாய்ப்பு குறைவு. எந்த மகன் என்பது தெரியாவிட்டால் அதற்குமேல் முயலக் கூடாது.

ஊரைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு பின்பக்கத்தின் அடியில், கோட்டுக்குக் கீழே உள்ள சில எழுத்துகளில் இருக்கிறது. அது அக்கசாலைக் குறி: அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா, தெசலோனிகா, இன்றைய ஜெர்மனியின் டிரியர், குரோஷியாவின் சிசாக் என்று எந்த ஊரில், எந்தப் பட்டறையில் அடித்தது என்ற தகவல். இதிலும் கண்ணிகள் உண்டு. ‘கான்ஸ்’ என்று தொடங்கினால் கான்ஸ்டாண்டிநோபிள்தானே என்று தோன்றும். பிரான்ஸின் ஆர்ல் நகருக்கும் கான்ஸ்டன்டைன் குடும்பப் பெயர் சூட்டப்பட்டிருந்ததால் அந்த ஊர்க் காசும் ‘கான்ஸ்ட்’ என்றே குறி போட்டது. ஆர்ல் பட்டறை எழுத்தை ஊர்ப்பெயருக்கு முன்னால் லத்தீனில் போடும். கான்ஸ்டாண்டிநோபிள் பின்னால் கிரேக்கத்தில் போடும். நடு எழுத்துகள் மட்டும் மிஞ்சிய காசில் இரண்டாயிரம் கிலோமீட்டர் வித்தியாசமுள்ள இரண்டு ஊர்களும் ஒன்றாகவே தெரியும். எழுத்து தெரிவதற்கும் விடை தெரிவதற்கும் இவ்வளவு தூரம் இருக்கிறது.

இதெல்லாம் எதற்கு, நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்தால் எழுத்து தானே வந்துவிடும் என்பது அடுத்த வாதம். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் நம் வீடுகளில் இந்த யோசனை வராமல் இருக்காது. ஆனால் மண்ணில் 1,600 ஆண்டுகள் கிடந்த செம்பில் மேல்தோல் பல இடங்களில் உலோகமாக இல்லை, களிம்பாக மாறிவிட்டது. எழுத்தின் வடிவம் அந்தக் களிம்பில்தான் தங்கியிருக்கிறது. புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் அதைக் கரைத்துவிடும். அடியில் இருக்கும் குழிவிழுந்த செம்பு பளபளவென்று வரும், எழுத்து வராது. காய்ச்சி வடித்த நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, மேலே உள்ள மண்ணை மட்டும் மரக்குச்சியால் நீக்குவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வெளிர்பச்சை நிறத்தில் மாவு போல உதிர்ந்தால் அது குளோரைடு அரிப்பு. அந்தக் காசை மற்றவற்றோடு வைக்காமல் தனியே உலரவைக்க வேண்டும். மேலும் எழுத்து தெரிய வேண்டுமென்றால் விளக்கின் கோணத்தை மாற்றிப் பத்துப் படம் எடுத்துப் பார்ப்பதுதான் காசுக்குச் சேதம் இல்லாத வழி.

படம் எடுத்துக் காட்டினால் செயலியே பெயர் சொல்லிவிடுகிறதே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். தெளிவான காசுக்கு அது உதவக்கூடும். தேய்ந்த காசில் அதற்கு ஒரு குறை உண்டு: படத்துக்கு எடை கிடையாது. விளிம்பின் கனமும் தெரியாது. ஒற்றைக் கம்பமா இரட்டையா என்பது நிழல் விழும் கோணத்தைப் பொறுத்து மாறும்போது, செயலி ஏதோ ஒன்றைத் தேர்ந்து சொல்லிவிடும். அதன் விடையைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம், முடிவாக வேண்டாம். சரிபார்க்க நல்ல இடம் இருக்கிறது. 1923 முதல் 1994 வரை பத்துத் தொகுதிகளாக வந்த ‘ரோமன் இம்பீரியல் காயினேஜ்’ பட்டியலின் அடிப்படையில், அமெரிக்க நாணயவியல் கழகம் ஒரு தரவுதளத்தை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பேரரசர், ஊர், பின்பக்கச் சித்திரம் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துச் சுருக்கிக்கொண்டே வரலாம். அதுவும் கழித்தல் முறையில்தான் இயங்குகிறது. எச்சரிக்கையாக இருக்க வேண்டிய ஒன்று: அசலைப் பார்த்து அந்தக் காலத்திலேயே கள்ளத்தனமாக அடித்த போலிகள் ஏராளம். விழும் குதிரைவீரனை ரோம வீரன் ஈட்டியால் குத்தும் ‘ஃபெல் டெம்ப் ரெபராசியோ’ வகையில் இவை மிக அதிகம். குதிரை ஆடு போல இருந்து, எழுத்து வெறும் கோடுகளாக இருந்தால், பட்டியலில் அதற்குப் பொருந்தும் எண்ணைத் தேடி அலைவது வீண்.

கடைசியாக ஓர் ஆட்சேபம் இருக்கிறது. அது மற்றவற்றைவிட வலுவானது. இவ்வளவு பாடுபட்டு ‘கான்ஸ்டன்டைன் குடும்பம், 330–335, ஊர் தெரியவில்லை’ என்று எழுதுவதால் யாருக்கு என்ன லாபம்? அரைகுறை விடை அறிவாகுமா? ஆகும் என்பதற்கு பிரிட்டன் தொல்லியலே சாட்சி. ரிச்சர்ட் ரீஸ் என்ற நாணயவியலாளர் அங்கே கிடைக்கும் ரோமக் காசுகளை 21 காலப் பகுதிகளாகப் பிரித்தார். ஓர் ஊரில் எந்தக் காலப் பகுதியின் காசு எந்த விகிதத்தில் தொலைந்திருக்கிறது என்று கணக்கிட்டு, மற்ற ஊர்களோடு ஒப்பிட்டால், அங்கே சந்தை எப்போது செழித்தது, எப்போது ஓய்ந்தது என்று சொல்ல முடிகிறது. 330 முதல் 348 வரை அந்தக் கணக்கில் ஒரே பகுதி. நம் பெயர் அழிந்த காசு அதில் முழு உரிமையோடு இடம் பிடிக்கும். மாறாக, ஆசையில் ஒரு தவறான பெயரை ஒட்டிய காசு கணக்கையே கெடுக்கும்.

ஆனால் ரீஸின் கணக்குக்கு இன்னொன்றும் வேண்டும்: காசு எந்த மண்ணில் கிடைத்தது என்பது. ஏலத்தில் வரும் காசு தொலைத்துவிட்டு வருவது அதைத்தான். தேய்ந்த எழுத்தையாவது விளக்கொளியில் மீட்கலாம். தோண்டிய வயலை மீட்க முடியாது. இந்த வித்தியாசம் நமக்கு மிக அருகிலேயே தெரியும். கரூர் அமராவதி ஆற்றுப்படுகையிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால ரோமச் செப்புக் காசுகள் இதே 4ஆம் நூற்றாண்டுச் சில்லறை. இதே போலத் தேய்ந்தவை. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் அவற்றைப் பற்றித் தனி நூலே எழுதினார். இலங்கையில் இத்தகைய காசுகளும், அவற்றைப் பார்த்து அங்கேயே செய்த சிறு போலிகளும் நிறையக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பலவற்றில் முகம் தெரியாது. என்றாலும் தங்கத்தோடும் வெள்ளியோடும் நிற்காமல் ரோமரின் சில்லறைகூட இந்தப் பக்கம் வந்து புழங்கியது என்று நாம் அறிவது அந்த முகமில்லாக் காசுகளால்தான். ஊர் தெரிந்ததால் அவை பேசுகின்றன.

ஆகவே சீட்டு எழுதும்போது பார்த்ததை ஒரு வரியிலும் ஊகித்ததை இன்னொரு வரியிலும் எழுதுங்கள். எடை, விட்டம், பின்பக்கத்தில் தெரிவது, படித்த எழுத்துகள் மேல் வரியில். காலமும் பெயரும் கீழ் வரியில். விற்றவர் சொன்னதை அவர் சொன்னதாகவே குறித்துவையுங்கள். காசு வந்த வழி பற்றி அவர் தந்த தகவல், ரசீது எதையும் எறிய வேண்டாம். உள்ளூர் ஆற்றுமணலிலோ வயலிலோ எடுத்ததாகச் சொல்லி யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். மண்ணிலிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். இந்தியாவில் அது இன்றும் நடப்பில் இருக்கிறது.